நீலக்கல் மோதிரமும் நீலக் கிளிப்புகளும்

செப்டம்பர் 5, வியாழன். பிரிஸ்பேன்

வந்து சேர்ந்தோம். விமான நிலையத்தில் என் கேமராப் பையை ஒருவரும் சீண்டவில்லை. என் மனைவி உலகம்மாளின் மாவடு பாட்டிலைத்தான் மூன்று அதிகாரிகள் கூடி நின்று பார்த்தார்கள். ஒருவர் முகர்ந்து பார்த்துத் தும்மினார். பாட்டில் அங்கேயே தங்கிவிட்டது. அதற்கு உலகம்மாள் படும் துக்கத்தைப் பார்த்தால், பங்குனியில் என் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தபோது இவ்வளவு கலங்கினாளா என்று சந்தேகம் வருகிறது.

அவள் தம்பி செண்பகராமன் இங்கே ரயில் ஓட்டுகிறான். லீவு போட்டுவிட்டு, படுக்கையும் அடுப்பும் வைத்த வேன் ஒன்றை எங்களுக்காக வாடகைக்கு எடுத்திருக்கிறான். பறவை என்றால் அவனுக்குத் தட்டில் இருக்கிற கோழி மட்டும்தான்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு படம். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற நாளில் இருந்து எங்கள் பறவை மன்றத்துக் காலண்டருக்குப் படம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு முறை வந்தது. பின்னட்டையில், அச்சக விலாசத்துக்குப் பக்கத்தில், ஒரு கொக்கின் பின்பாதி. மன்றத் தலைவர் நெல்லைநாயகம் அதையும் "இடம் காலியா இருந்துது, அதான்" என்று சொல்லிவிட்டார். இந்த வருஷம் அந்த மனிதர் வாயைத் திறக்காமல் அட்டையில் போட வேண்டும்.

செப்டம்பர் 6, வெள்ளி

இங்கே மேக்பை என்று கறுப்பு வெள்ளையில் ஒரு பறவை. இந்த மாதம் குஞ்சு பொரிக்கும் காலமாம். கூட்டுப் பக்கம் போனால் மண்டையைக் கொத்தும். செண்பகராமன் சைக்கிள் ஹெல்மெட்டில் பிளாஸ்டிக் கம்பிகளை முள் மாதிரி நட்டு மாட்டிக்கொண்டுதான் வேனைவிட்டு இறங்குகிறான். அப்படியும் கொத்திவிட்டது.

"அத்தான், படம் எடுக்கத வுட்டுட்டு வெரட்டுங்க அத்தான்!"

நான் எடுத்தேன். பதினெட்டுப் படங்களிலும் ஹெல்மெட் மட்டும் பளிச்சென்று விழுந்திருக்கிறது.

செப்டம்பர் 7, சனி

சனிக்கிழமை சடங்கு இங்கேயும் நடந்தது. எனக்கு ஏழரைச் சனி. ஸ்டென்ட் வைத்த கையோடு உலகம்மாள் ஜோசியரைப் பார்த்து ஒரு நீலக்கல் மோதிரம் வாங்கி வந்தாள். நீலம் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாதாம். மூன்று இரவு தலையணைக்கு அடியில் வைத்துப் பார்த்து, கெட்ட கனவு வரவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் என் நடுவிரலில் மாட்டினாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் அது என் விரலில் இருந்தால்தான் அவளுக்குத் தூக்கம் வருகிறது. சனிக்கிழமைதோறும் அவளே கழற்றி, கழுவித் துடைத்து, சாமி முன்னால் வைத்து, திரும்ப மாட்டிவிடுவாள். இன்று வேனின் குட்டித் தொட்டியில் கழுவினாள்.

அடுத்தது காக்கைக்குச் சோறு. வண்டியை நிறுத்திய இடத்தில், பறவைகளுக்கு உணவு தராதீர்கள் என்று பெரிய பலகை. உலகம்மாள் பலகையைப் பார்த்தாள். தன் தட்டில் எள்ளுச்சாதம் எடுத்துக்கொண்டாள். மரத்தடிப் பெஞ்சில் வைத்தாள். பிறகு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள்.

"நான் யாருக்கும் குடுக்கல. மறந்து வச்சிட்டேன்."

கறுப்பாக ஒன்று வந்து உட்கார்ந்தது. மஞ்சள் கண். "இது காக்கா இல்லளா, கரவாங்" என்றேன்.

"கறுப்பாத்தான இருக்கு?"

"கண்ணப் பாரு. வாலடியில வெள்ளையப் பாரு. இது வேற குடும்பம்."

"சனீஸ்வரன் என்ன ஒங்கள மாதிரி பைனாகுலர் வச்சிக்கிட்டா பாக்காரு?"

நாங்கள் பேசி முடிப்பதற்குள் புதருக்குள் இருந்து ஒரு காட்டுக்கோழி ஓடிவந்து, கரவாங்கைத் துரத்திவிட்டு, தட்டோடு கவிழ்த்துத் தின்றது. உலகம்மாள் மத்தியானம்வரை சாப்பிடவில்லை. கோழி தின்றது கணக்கில் வராதாம்.

செப்டம்பர் 8, ஞாயிறு

கூக்கபரா. சிரிக்கும் பறவை. சப்பாத்தியைச் சுருட்டி வாய்க்குக் கொண்டுபோனேன். கைதான் வாய்க்குப் போய்ச் சேர்ந்தது. சப்பாத்தி கிளையில் இருந்தது. நாலு கூக்கபரா சேர்ந்து சிரித்தன. அந்த நேரத்தில் என் பெரிய லென்ஸ் பைக்குள் இருந்தது.

உலகம்மாள் தன் போனில் எடுத்துவிட்டாள். பறவையின் அலகு, சப்பாத்தி, என் திறந்த வாய், எல்லாம் துல்லியம். உடனே நெல்லைநாயகத்தின் மனைவி மரகதத்துக்கு அனுப்பினாள். இவர்கள் இருவருக்கும் அப்படி என்ன பேச்சோ.

செப்டம்பர் 10, செவ்வாய்

மலைமேல் காட்டு முகாம். நல்ல குளிர். முகாமை நடத்தும் ஜூன் அம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும். அரைக்கால் சட்டையோடு நடமாடுகிறாள். கண்டேன் என் பறவையை!

சாட்டின் பவர்பேர்ட் என்கிறார்கள். நான் பந்தல்காரன் என்று பெயர் வைத்திருக்கிறேன். ஆண் பறவை கருநீலம், தூரத்தில் இருந்து பார்த்தால் அசல் காக்கை. கண் மட்டும் கத்தரிப்பூ நிறம். தரையில் குச்சிகளை இரண்டு வரிசையாக நட்டுப் பந்தல் போட்டு, வாசலில் நீலப் பொருளாகப் பொறுக்கிவந்து பரப்பி, மாப்பிள்ளை பார்க்க வரும் பெண் பறவைக்காக ஆடுமாம். பாட்டில் மூடி, ஸ்ட்ரா, பேனா மூடி, எதுவானாலும் நீலமாக இருக்க வேண்டும். நம் ஊரில் சீர்வரிசை பெண் வீட்டார் பொறுப்பு. இங்கே மாப்பிள்ளை திருடிக்கொண்டு வருகிறான்.

பந்தல், குளியலறைக் கட்டடத்துக்குப் பின்னால், துணி காயப்போடும் கொடியில் இருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. "நீலமாக எதையும் வெளியே வைக்காதீர்கள், போனால் போனதுதான்" என்று ஜூன் எச்சரித்தாள். உலகம்மாள் ஊரில் இருந்து கொண்டுவந்த துணிக் கிளிப்புகளில் நீலமும் உண்டு. பத்திரம் என்று சொல்லி வைத்தேன்.

செப்டம்பர் 11, புதன்

நாள் முழுக்கக் குப்புறப் படுத்திருந்தேன். கேமராவுக்கு முட்டுக்கொடுக்கப் பொன்னி அரிசிப் பை. உலகம்மாள் மதியம் அரிசியைத் தேடி அலைந்தாள். பந்தல்காரன் வந்தான், முதுகைக் காட்டினான், போனான். அட்டை ஒன்று என் காதுக்குப் பின்னால் குடியேறி வயிறார உண்டது. கொக்கின் பின்பாதி நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது.

செப்டம்பர் 12, வியாழன்

டின் திறக்கும்போது நடுவிரலில் வெட்டு. பிளாஸ்திரி போட்டிருக்கிறேன். வேறு விசேஷம் இல்லை.

அதே நாள், மாலை

நாட்குறிப்பிடமே பொய் சொன்னால் எங்கே போய் உண்மை பேசுவது? விரலில் வெட்டு இல்லை. மோதிரம்தான் இல்லை.

காலையில் உலகம்மாள் துணி துவைக்கப் போனாள். செண்பகராமன் ஹெல்மெட்டோடு தூங்கிக்கொண்டிருந்தான். பந்தல்காரன் புதருக்குள் இருந்து எட்டி எட்டிப் பார்த்தானே தவிர வெளிச்சத்துக்கு வரவில்லை. நானும் என் பங்குக்கு நீலப் பாட்டில் மூடி வைத்துப் பார்த்தேன். ஏறிட்டும் பார்க்கவில்லை. அப்போதுதான் என் விரலில் நீலக்கல் வெயில் பட்டு மின்னியது. பறவை தலையைச் சாய்த்தது.

ஒரே ஒரு நிமிஷம் என்றுதான் கழற்றினேன். படுத்தபடியே கையை நீட்டிக் காட்டினேன். ஓரடி வைத்தது. "வா ராசா, வா" என்று கெஞ்சினேன். பெற்ற பிள்ளைகளிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. மோதிரத்தைச் சருகின்மேல் வைத்துவிட்டுக் கேமராவைப் பிடித்தேன். வந்தது! அலகில் மோதிரத்தைக் கவ்வி, நீலக்கல் நேராக என்னைப் பார்க்க, கத்தரிப்பூக் கண்ணும் என்னைப் பார்க்க, பின்னால் வெயில். எடுத்தேன். வாழ்நாளில் இப்படி ஒரு படம் எடுத்ததில்லை. இனியும் எடுக்கப் போவதில்லை.

பிறகு பறந்துவிட்டது. மோதிரத்தோடு.

பந்தலில் வைக்கும் என்று இருட்டும் வரை காத்திருக்க நினைத்தேன். சாயங்காலம் செண்பகராமன் பால் வாங்க வண்டியில் கூட்டிக்கொண்டு போய்விட்டான். மறுக்கக் காரணம் சொல்லத் தோன்றவில்லை. உலகம்மாளுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே ஸ்டென்ட் இருக்கும் இடத்தில் ஏதோ செய்கிறது. அட்டைப்படம் கையில் இருக்கிறது. அதை யாருக்கும் காட்ட முடியாது.

செப்டம்பர் 13, வெள்ளி

விடிந்ததும் பந்தலுக்கு ஓடினேன். எல்லாம் இருக்கிறது, மோதிரம் இல்லை. புதிதாக ஒரு நீலக் கிளிப் வாசலில் நடுநாயகமாகக் கிடந்தது. கொடியில் இருந்து திருடியிருக்கிறான், கள்ளப் பயல். சொன்னால் உலகம்மாள் கேட்கிறாளா?

ஜூன் அம்மாளிடம் பொதுவாக விசாரித்தேன். பந்தல்காரர்கள் ஒருவர் பந்தலில் ஒருவர் திருடுவது வழக்கமாம். ஓடைக்கு அந்தப் பக்கம் இன்னொரு பந்தல் உண்டாம். போனேன். வழுக்கி விழுந்தேன். அங்கேயும் இல்லை. திரும்பி வரும்போது உலகம்மாள் எதிரே வந்தாள், தலையில் ஒரு குச்சி ஒட்டியிருந்தது.

"எங்கன போயிட்டு வார?"

"நடக்கக் கூடாதா? நீங்க எங்கன போயிட்டு வாரீக, ஒடம்பெல்லாம் சேறு?"

"பறவ பாக்க."

"விரலு எப்டி இருக்கு?"

"ஆறிக்கிட்டு வருது."

"ஆறட்டும், ஆறட்டும்" என்றாள். அவ்வளவு அன்பாக அவள் பேசி வெகுநாள் ஆகிறது.

செப்டம்பர் 14, சனி

பயந்தபடி சனிக்கிழமை வந்துவிட்டது. மோதிரத்தைக் கழுவ எப்போது கேட்பாள் என்று காலையில் இருந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. மறந்துவிட்டாள் போலும். சனீஸ்வரனுக்கு நன்றி. அதற்குப் பதிலாக, காயத்துக்கு நல்லது என்று மஞ்சளைக் குழைத்துப் பிளாஸ்திரிக்கு மேலேயே பூசி, துணி சுற்றி, முழங்கைவரை கட்டுப் போட்டுவிட்டாள். பாத்திரம் கழுவ முடியாது என்றேன். "எடது கை சும்மாத்தான இருக்கு" என்றாள்.

எள்ளுச்சாதத்தை "மறந்து" வைத்தாள். கருநீலமாக ஒன்று வந்து கொத்தியது.

"காக்கா வந்துட்டு!" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

காக்கை இல்லை. பந்தல்காரன். என் மோதிரத்தைத் தின்று ஏப்பம் விட்டவன். நானும் கும்பிட்டேன்.

குளிர் அதிகம். தூக்கத்தில் உலகம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறாள். இரண்டு நாளாக இந்தப் பழக்கம். கட்டுப் போட்ட கையை விட்டுவிட்டு நல்ல கையாகப் பார்த்துப் பிடிக்கிறாள்.

செப்டம்பர் 16, திங்கள்

ஒன்று சொல்ல வேண்டும். மோதிரம் போன நாளில் இருந்து எனக்குத் தொட்டதெல்லாம் துலங்குகிறது. சிவப்புக் கிளி கேமராமேலேயே வந்து உட்கார்ந்தது. லயர்பேர்ட் என்கிற யாழ்ப்பறவை தோகையை விரித்து நின்றது. மேக்பை என்னைப் பார்த்தால் ஒதுங்கிப் போகிறது.

மாறாகப் பந்தல்காரன் கதை கந்தலாகிவிட்டது. நேற்று இன்னொரு ஆண் வந்து பந்தலைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் பாதிச் சாமான்களை அள்ளிக்கொண்டு போனது. மாப்பிள்ளை பார்க்க வந்தவள் வாசலோடு திரும்பிவிட்டாள். இது சாதாரணம் என்கிறாள் ஜூன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏழரைச் சனியைக் கையோடு கழற்றி ஒரு அப்பாவிப் பறவையின் தலையில் கட்டிவிட்டேனோ? நம்பிக்கை இல்லாதவன் நான். இருந்தாலும் ஜூன் பார்க்காத நேரத்தில் குச்சி பொறுக்கிக் கொண்டுபோய்ப் பந்தல் அருகே வைத்தேன்.

செப்டம்பர் 18, புதன்

முகாமைக் காலி செய்கிறோம். காயப்போட்ட என் வேட்டி காற்றில் பறந்து யூகலிப்டஸ் மரத்தில் ஏறிக்கொண்டது. அதன்மேல் ஒரு கிளி உட்கார்ந்து அசுத்தம் செய்தது.

"கிளிப்பு போடலயா?"

"தீந்துட்டு."

"அவ்வளவுமா?"

"நீலம் மட்டுந்தான் தீந்துட்டு. மிச்சத்த ஒங்க மச்சான் ஹெல்மெட்டுல மாட்டிக்கிட்டான்."

கிளம்பும்முன் பந்தல்பக்கம் போய்ப் பார்த்தேன். மறுபடியும் கட்டியிருக்கிறான். வாசலில் வரிசையாக நீலக் கிளிப்புகள். ஒரு பெண் பறவை உள்ளேயே நின்றுகொண்டிருந்தது. மனசு நிறைந்துபோனது. கேமரா வேனில் இருந்தது.

செப்டம்பர் 20, வெள்ளி

காலண்டருக்குப் படம் அனுப்ப இன்றே கடைசி. அந்தப் படத்தைப் போனில் திறந்து திறந்து பார்த்தேன். அனுப்பினால் அட்டை நிச்சயம். அட்டை என்றால் எங்கள் வீட்டுச் சுவரில் வருஷம் முழுக்கத் தொங்கும். அலகில் இருப்பது எந்த மோதிரம் என்று உலகம்மாளுக்குத் தெரியாமல் இருக்குமா?

கல்லைக் கணினியில் அழித்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அந்தப் பாவத்தை என்னால் செய்ய முடியவில்லை. கடைசியில், வேட்டிமேல் உட்கார்ந்த கிளியை அனுப்பினேன். "பார்க்கலாம்" என்று நெல்லைநாயகம் பதில் போட்டார். மனிதர் திருந்தமாட்டார்.

உலகம்மாளும் பக்கத்தில் உட்கார்ந்து யாருக்கோ எதையோ அனுப்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு இழவு சிரிப்பும் வரவில்லை.

செப்டம்பர் 24, செவ்வாய். பிரிஸ்பேன் விமான நிலையம்

செண்பகராமன் ஹெல்மெட்டோடு வந்து வழியனுப்பினான். சோதனையில் உலகம்மாள் போனபோது மெஷின் கத்தியது. தாலிச் சங்கிலி. பெண் அதிகாரி மட்டும் தனியே பார்த்தாள், சிரித்தாள், என்னைத் திரும்பிப் பார்த்து இன்னொரு முறை சிரித்தாள். எதற்கென்று தெரியவில்லை. இப்போதெல்லாம் உலகம்மாள் எந்நேரமும் சேலைக்குள் சங்கிலியைக் கையால் பொத்திக்கொண்டே இருக்கிறாள். திருட்டுப் பயம் போலும்.

செப்டம்பர் 28, சனி. பாளையங்கோட்டை

"இத்தன நாளா ஒரு புண்ணு ஆறலன்னா சுகராத்தான் இருக்கும்" என்று வெறும் வயிற்றோடு கூட்டிப்போய் ரத்தம் எடுக்க வைத்தாள். சுகர் இல்லை. இருந்தும் தினம் பாகற்காய்ச் சாறு. குடிக்கும்போது எதிரிலேயே நின்று பார்க்கிறாள்.

"எதாவது சொல்லணுமா?" என்று கேட்டாள்.

கசக்குது என்று சொன்னேன்.

இங்கே குளிரே இல்லை. ஆனாலும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள்.

அக்டோபர் 6, ஞாயிறு

காலண்டர் வெளியீட்டு விழா. உலகம்மாள் நீலப் பட்டு கட்டிக்கொண்டாள். பறவை விழாவுக்கு இவள் இதுவரை வந்ததே இல்லை. மேடையில் நெல்லைநாயகம் ஒவ்வொரு மாதமாகத் திரையில் காட்டினார். என் வேட்டிக் கிளி எந்த மாதத்திலும் இல்லை. ஆகஸ்ட் ஒரு மீன்கொத்தி. செப்டம்பர் வந்தது.

செப்டம்பரில் நான் இருந்தேன்.

குப்புறப் படுத்திருக்கிறேன். மண்டை வழுக்கையில் வெயில். காதுக்குப் பின்னால் அட்டை கடித்த தழும்புகூடத் தெரிகிறது. நீட்டிய விரல்களில் நீலக்கல் மோதிரம். எதிரே பந்தல்காரன் தலையைச் சாய்த்து, வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறான். கீழே: "பெண் பார்க்கும் படலம். படம்: உலகம்மாள் ஆவுடையப்பன்."

சபை சிரித்தது. மரகதம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நெல்லைநாயகம் கைதட்டினார். துணி காயப்போடும் கொடி அங்கேதானே இருந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்திரியை உரித்து மேஜைமேல் வைத்தேன். அவள் தாலிச் சங்கிலியை வெளியே எடுத்தாள். மோதிரம் அதில் கோத்திருந்தது.

"அன்னைக்கி சாயங்காலமே பறவ கொண்டாந்து பந்தல் வாசல்ல வச்சிட்டு. நீங்க பால் வாங்கப் போயிருந்தீக. எடுத்துக்கிட்டு ஒரு கிளிப்ப வச்சேன். சும்மா எடுக்கலாமா, ஆசையா வச்சிருக்கத? அப்புறம் பாவமா இருந்துது. தெனம் ஒண்ணு வச்சேன்."

"அன்னைக்கே ஏன்ளா சொல்லல?"

"நீங்க சொல்லுவீகன்னு பாத்தேன். பாகற்காய் குடிச்சாலும் குடிக்கீக, வாயத் தெறக்கல."

அவள் கோபமாகத்தான் ஆரம்பித்தாள்.

"ஒங்க நெஞ்சுக்குள்ள கம்பி வச்சிருக்கு. அது நல்லா இருக்கா, இல்லையா, நான் தொறந்தா பாக்க முடியும்? எனக்குப் பாக்க முடிஞ்சது இந்த மோதிரம் ஒண்ணுதான். அதையும் பறவைக்குக் குடுத்துட்டு வந்து நிக்கீக. அதான் நாடியப் பிடிச்சிக்கிட்டுக் கெடந்தேன். விட்டா நின்னுருமோன்னு."

குரல் உடைந்துவிட்டது. எனக்கும்தான். குளிருக்குத்தான் பிடிக்கிறாள் என்று நினைத்து இந்த நோட்டில் குளிர், குளிர் என்று எழுதியிருக்கிறேன், மடையன்.

மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, பெரிதாக்கி, வெகுநேரம் பார்த்தாள்.

"இதயா அனுப்பாம வச்சிருந்தீக?"

"நீ பாத்துருவியேன்னு."

"கிறுக்கு! இது அட்டையில வரவேண்டியது" என்றாள். பிறகு இன்னொரு தடவை பெரிதாக்கினாள். "ஆனா ஃபோகஸ் மோதிரத்து மேல இருக்கு. பறவ கண்ணுல இருக்கணும்."

விரலை நீட்டினேன். அவள் மாட்டிவிடவில்லை. வேறொருத்தர் கையில் இருந்துவிட்டு வந்த கல்லாம், அதுவும் பறவை. மறுபடியும் மூன்று இரவு தலையணைக்கு அடியில் வைத்துப் பார்த்துத்தான் போட வேண்டுமாம். வைத்தாயிற்று.

அக்டோபர் 7, திங்கள்

கெட்ட கனவு வரவில்லை. கனவே வரவில்லை, தூங்கினால்தானே. மோதிரம் என் தலையணைக்கு அடியில் இருக்கிற நிம்மதியில் உலகம்மாள் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக் கூக்கபரா மாதிரி குறட்டை விட்டாள். விடிய விடிய என் கையைப் பிடிக்க ஆளில்லை.

மோதிரத்தை மறுபடியும் எங்கே தொலைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.